சட்டத்தில் ஏறிய ஒரு சொல்: சியாட்டில் நகரமும் சாதிப் பாகுபாட்டுத் தடையும்

2023 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகர மன்றம், சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவாக ஆறு வாக்குகளும் எதிராக ஒரு வாக்கும் பதிவாயின. இதன் மூலம் சாதியைத் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனது. மும்பையில் வளர்ந்தவரும், ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் பிறந்ததாகத் தாமே வெளிப்படையாகக் கூறியவருமான மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் இம்மசோதாவைக் கொண்டுவந்தார். ஈக்வாலிட்டி லேப்ஸ், அம்பேத்கர் கிங் படிப்பு வட்டம் உள்ளிட்ட பல அமைப்புகள் அதற்காக உழைத்தன.

பல இனத்தவரும் பல மொழியினரும் வாழும் நகரங்கள் யாவும் சகிப்புத்தன்மையையும் அனைவரையும் உள்ளடக்கும் பண்பையும் பொதுப் பாதுகாப்பையும் தம் கொள்கைகளாக அறிவிக்கின்றன. அவ்வறிவிப்புகளை எதைக் கொண்டு அளப்பது என்பதே நம் கேள்வி. அவமதிக்கப்பட்ட ஒருவர் தனக்கு நேர்ந்ததை அதன் உண்மைப் பெயரால் சொல்லி முறையிட முடிகிறதா, முறையிட்ட பிறகு அவருடைய வேலையும் வீடும் நிலைக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளே சரியான அளவுகோல் என்று நாம் கருதுகிறோம். சியாட்டிலின் அனுபவம் முதல் கேள்விக்கு விடை தந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பாதி விடையே கிடைத்துள்ளது.

நகரம் கடந்து வந்த பாதை

சியாட்டில் இன்று தாராளப் போக்குள்ள நகரமாக அறியப்படுகிறது. அதன் கடந்த காலம் அப்படி இருக்கவில்லை. 1886 பிப்ரவரியில் ஒரு கும்பல் அந்நகரில் வாழ்ந்த ஏறத்தாழ 350 சீனர்களை வீடுகளிலிருந்து இழுத்துவந்து துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்றது. 1907 செப்டம்பரில், சியாட்டிலுக்கு வடக்கே உள்ள பெல்லிங்ஹாம் நகரில், மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபித் தொழிலாளர்களை வெள்ளையினக் கும்பல் தாக்கி ஊரைவிட்டே விரட்டியது. அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். 1942-இல், போரைக் காரணம் காட்டி, சியாட்டிலின் சுமார் 7,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

கறுப்பின மக்களின் நிலை வேறு வகையில் கொடியதாக இருந்தது. கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை, வீட்டுமனைப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்தது. நகரின் நடுவிலுள்ள ஒரு சிறு பகுதிக்குள்ளேயே பெரும்பான்மையான கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டனர். ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அறிமுகமான காட்சியே.

வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் யோசனை 1964-இல் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நகர மக்கள் அதைத் தோற்கடித்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், அதே யோசனையை நகர மன்றம் ஒருமனதாகச் சட்டமாக்கியது. அதை முன்னெடுத்தவர் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரான சாம் ஸ்மித்.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. சகிப்புத்தன்மை சியாட்டிலின் பிறவிக் குணம் அன்று. ஒடுக்கப்பட்டோர் போராடிப் பெற்ற சட்டங்களின் விளைவு அது. அடுத்து, பெரும்பான்மையின் மனம் மாறும்வரை சட்டம் காத்திருக்க வேண்டும் என்ற வாதத்தை 1964-உம் 1968-உம் பொய்யாக்கின. 2023-இல் 'சாதி' என்ற சொல் சேர்க்கப்பட்ட சட்டங்களுள், 1968-இல் பிறந்த அந்த வீட்டு வசதிச் சட்டத்தின் தொடர்ச்சியும் ஒன்று.

சாதி கடல் கடந்த விதம்

1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் குறித்த தம் ஆய்வுரையை வாசித்த இளம் அம்பேத்கர், இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி ஓர் உலகச் சிக்கலாகிவிடும் என்ற கேட்கரின் கருத்தை எடுத்துக்காட்டினார். அந்த எச்சரிக்கை ஏழு ஆண்டுகளிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசலில் வேறொரு வடிவில் வந்து நின்றது.

பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். வாஷிங்டன் மாநிலத்தின் கேம்ப் லூயிஸ் படைமுகாமில் இருந்தபோது 1918-இல் அவருக்கு வழங்கப்பட்ட குடியுரிமை, சில நாட்களிலேயே பறிக்கப்பட்டது. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று சட்டம் இருந்த காலம் அது. தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது திந்தின் தரப்பு வாதம். 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இனவெறியிலிருந்து தப்பிக்கச் சாதிப் பெருமையைக் கேடயமாகப் பிடித்த அந்த வாதம் தோற்று, ஏறத்தாழ சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் பெருநகரம் சாதியைப் பாகுபாட்டின் காரணியாகச் சட்டத்தில் எழுதியது.

1965-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. பின்னர் தகவல் தொழில்நுட்பத் துறையும் எச்-1பி விசாவும் இந்தியப் பொறியாளர்களைப் பெருமளவில் அழைத்துச் சென்றன. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகக் கல்வியும் சொத்தும் பெற்றிருந்த சாதியினரே இதில் பெரும்பங்கு பெற்றனர். சியாட்டிலில் அமேசானின் தலைமையகமும், அருகிலுள்ள ரெட்மண்டில் மைக்ரோசாஃப்டின் தலைமையகமும் இருப்பதால், அப்பகுதி தெற்காசியர்கள் திரளாக வாழும் இடமாயிற்று. அவர்களிடையே ஒரு தலித் பொறியாளர் பெரும்பாலும் தனி ஆளாகவே இருக்கிறார்.

அறியப்படும் சாதி, மறைக்கப்படும் சாதி

தோற்றத்தைக் கொண்டு சாதியை அறிய முடியாது. ஆகவே அதைக் கேட்டறியும் முறைகள் உருவாகியுள்ளன. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, தந்தை என்ன வேலை பார்த்தார், குலதெய்வம் எது, சைவமா அசைவமா என்று கேள்விகள் நீளும். நட்பாகத் தட்டிக்கொடுப்பது போலத் தோளைத் தடவிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் தலித் பணியாளர்கள் தம் வாக்குமூலங்களில் பதிவு செய்துள்ளனர். இக்கேள்விகளின் பொருள் அமெரிக்க மேலாளருக்கோ மனிதவளத் துறைக்கோ விளங்குவதில்லை. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் மட்டும் விளங்கும்.

தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட தலித் குடும்பத்தில் பிறந்த தேன்மொழி சௌந்தரராஜனின் தலைமையிலான ஈக்வாலிட்டி லேப்ஸ், அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்கள் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் 2016-இல் கருத்தறிந்து 2018-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் பங்கேற்ற தலித்துகளில் 67 விழுக்காட்டினர் பணியிடத்தில் நியாயமற்ற முறையில் நடத்தப்பட்டதாகத் தெரிவித்தனர். 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதியின் பெயரால் பாகுபாட்டுக்கு உள்ளானதாகக் கூறி வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கைத் திரும்பப் பெற்ற துறை, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் சாதி குறித்துத் தேன்மொழி ஆற்றவிருந்த உரை, ஊழியர்களில் ஒரு பகுதியினரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா பணியிலிருந்து விலகினார். உரை நிகழ்த்துவதற்கே இத்தனை எதிர்ப்பு என்றால், தனியொருவர் முறையிடுவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டமன்றங்களுக்கு முன்பே பல்கலைக்கழகங்கள் இதை உணர்ந்தன. 2019-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் 23 வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும் அவ்வாறே செய்தது. இவற்றின் பின்னணியில் தலித் மாணவர்களின் பல ஆண்டு உழைப்பு இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறப்பால் வரும் தகுதிநிலை, அகமணம், வழக்கமோ சட்டமோ மதமோ ஏற்படுத்திய சமூகத் தடைகள் ஆகியவற்றை இயல்பாகக் கொண்ட இறுக்கமான படிநிலை அமைப்பு என்று சியாட்டில் சட்டம் சாதியை வரையறுக்கிறது. எந்த மதத்தின் பெயரும் எந்த நாட்டின் பெயரும் இவ்வரையறையில் இல்லை. இந்து, சீக்கியர், முஸ்லிம், கிறிஸ்தவர் என எவரும் இச்சட்டத்தின் கீழ் முறையிடலாம்.

வேலைக்கு எடுத்தல், ஊதியம், பதவி உயர்வு, பணிச்சூழல் ஆகியவற்றில் சாதிப் பாகுபாடு தடை செய்யப்பட்டுள்ளது. கடைகள், உணவகங்கள், விடுதிகள், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களுக்கும் தடை பொருந்தும். வீட்டை வாடகைக்கு விடுவது, விற்பது, அதற்குக் கடன் வழங்குவது ஆகியவையும் அடங்கும். நகரின் குடிமை உரிமைகள் அலுவலகம் முறையீடுகளைப் பெற்று விசாரிக்கிறது. முறையிட்டவரைப் பழிவாங்குவதும் சட்டப்படி தவறு.

இது குற்றவியல் சட்டம் இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்பாது. இழந்த ஊதியம், மறுக்கப்பட்ட பதவி, கிடைக்காத வீடு ஆகியவற்றுக்கு ஈடு தேடித் தரும் குடிமை உரிமைச் சட்டம். காவல் நிலையத்தின் படி ஏறாமலேயே முறையிடலாம் என்பது அதன் முக்கியமான பண்பு.

எதிர்ப்புகளும் நம் மறுமொழியும்

இந்து அமெரிக்க அறக்கட்டளை, வட அமெரிக்க இந்துக்களின் கூட்டமைப்பு முதலிய அமைப்புகள் இச்சட்டத்தை எதிர்த்தன. அவற்றின் வாதங்கள் மூன்று. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்வது நம் கடமை.

முதலாவது, சட்டம் தெற்காசியர்களை, குறிப்பாக இந்துக்களைக் குறிவைக்கிறது என்பது. ஏற்கெனவே இனவெறிக்கு ஆளாகும் சிறுபான்மையின் மீது மேலும் சந்தேகம் விழும் என்ற அச்சம் முழுக்கப் பொய்யில்லை. பெல்லிங்ஹாம் நிகழ்ந்த மண் அது. ஆயினும் அந்த அச்சத்தின் பெயரால் சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மையை வாய்மூடச் சொல்வது நீதியாகாது. பாலினப் பாகுபாட்டுத் தடை ஆண்களைக் குறிவைப்பதாக எந்த நீதிமன்றமும் கொள்வதில்லை. பாகுபாடு காட்டாதவருக்கு இச்சட்டத்தால் எந்தச் சுமையும் இல்லை. 2024-இல் சியாட்டில் சட்டத்துக்கு எதிரான வழக்கு ஒன்றை, தொடுத்தவருக்கு அதனால் நேர்ந்த பாதிப்பு காட்டப்படவில்லை என்ற அடிப்படையில் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது, பாகுபாடு அரிதானது என்பது. கார்னகி அறநிதியம் 2020-இல் இந்திய அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில் 5 விழுக்காட்டினரே சாதிப் பாகுபாட்டை எதிர்கொண்டதாகக் கூறினர் என்பது அவர்களின் சான்று. அதே ஆய்வில், தமக்குச் சாதி அடையாளம் உண்டு என்று கூறிய இந்துக்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோர் பொது அல்லது உயர்சாதிப் பிரிவினர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடியவர்கள் மிகச் சிலராக இருக்கும் மக்கள்தொகையில், பாதிப்பின் சராசரி சிறியதாகத்தான் தெரியும். ஈக்வாலிட்டி லேப்ஸ் ஆய்வு எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்த மாதிரியைக் கொண்டதன்று. தாமே முன்வந்தவர்களின் பதில்களைக் கொண்டது. அதனால் அதன் எண்ணிக்கையை எல்லோருக்கும் பொருத்திப் பேசுவதில் நமக்கும் எச்சரிக்கை வேண்டும். ஆனால் ஓர் உரிமைக்கு எண்ணிக்கை நிபந்தனையாகாது. ஒரே ஒருவருக்கு வீடு மறுக்கப்பட்டாலும் அவருக்கு முறையிட ஓரிடம் வேண்டும்.

மூன்றாவது, வம்சாவளி, மதம், பிறப்பு நாடு ஆகியவை ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதால் சாதியைத் தனியே சேர்க்கத் தேவையில்லை என்பது. ஆயிஷா வஹாப் கொண்டுவந்து கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை, 2023 அக்டோபர் 7 அன்று ஆளுநர் கேவின் நியூசம் இக்காரணத்தைக் கூறியே நிராகரித்தார். பிரிட்டன் அரசு 2018-இல் எடுத்த நிலைப்பாடும் இதுவே. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் கட்டளையிட்டிருந்தும், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது.

இந்த வாதத்துக்கு மறுமொழி நடைமுறையில் உள்ளது. ஒரே நாட்டில் பிறந்து, ஒரே மதத்தைச் சேர்ந்த இருவருக்கிடையே நிகழும் இழிவை 'பிறப்பு நாடு', 'மதம்' என்ற சொற்களால் ஒரு மனிதவள அலுவலருக்கு எப்படி விளக்குவது? 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் சாதி அடங்கும் என்று நிறுவுவதற்கே வழக்கறிஞரும் பல ஆண்டுகளும் தேவைப்படுகின்றன. பிரிட்டனில் வீட்டுப் பணியாளராக இருந்த ஆதிவாசிப் பெண்ணொருவரின் வழக்கில், சாதி 'இன மூலம்' என்பதற்குள் வரக்கூடும் என்ற தீர்ப்பைப் பெறவே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்வரை செல்ல நேர்ந்தது. சொல் சட்டத்தில் இருந்தால் பாதிக்கப்பட்டவர் நேரடியாகத் தன் துயரத்தைப் பேசத் தொடங்கலாம். கலிஃபோர்னியாவில் மாநில மசோதா நிராகரிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, ஃப்ரெஸ்னோ நகர மன்றம் சாதியைத் தன் சட்டத்தில் ஒருமனதாகச் சேர்த்ததும் இதனால்தான்.

யாருடைய பாதுகாப்பு?

பொதுப் பாதுகாப்பு என்றவுடன் காவல் ரோந்தும் கண்காணிப்புக் கேமராவும் நினைவுக்கு வருகின்றன. தலித் பணியாளருக்குத் தேவையான பாதுகாப்பு இவற்றால் கிடைக்காது. அவருடைய அச்சம், சாதி வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதும், முறையிட்டால் என்ன ஆகும் என்பதுமே.

எச்-1பி விசாவில் இருப்பவரின் தங்கும் உரிமை அவருடைய வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு நிறுவனத்தையோ வேறு வகை அனுமதியையோ தேட வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கான வரிசையில் இந்தியர்கள் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கின்றனர். இந்நிலையில் மேலாளருக்கு எதிராக முறையிடுவது தன் குடும்பத்தின் இருப்பையே பணயம் வைப்பதாகும். பழிவாங்கலைச் சியாட்டில் தடை செய்கிறது. விசாவை அந்நகரம் வழங்குவதில்லை. பிரச்சினையின் வேர் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது.

எல்லைச் சிக்கலும் உண்டு. நகரச் சட்டம் நகர எல்லைக்குள்தான் செல்லும். மைக்ரோசாஃப்டின் தலைமையகம் அமைந்துள்ள ரெட்மண்ட் தனி நகரம். ஏரியின் மேற்குக் கரையில் உள்ள உரிமை, பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் வேலைக்குச் செல்பவருடன் வருவதில்லை. மாநிலச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

விசாரிப்பவரின் அறிவும் முக்கியமானது. 'எந்தத் தெரு' என்ற கேள்வியில் ஒளிந்திருக்கும் கத்தியை அறியாத அலுவலர், சட்டம் கையில் இருந்தும் பாகுபாட்டைக் காண மாட்டார். முறையீடுகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கொண்டு சட்டம் தேவையற்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. அச்சமுள்ள இடத்தில் முறையீடு குறைவாகவே இருக்கும்.

நம் நகரங்களுக்கான கேள்வி

இந்தியாவில் சாதிக்கு எதிரான சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன. இவை குற்றவியல் சட்டங்கள். காவல் நிலையத்தில் தொடங்குபவை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காப்பதும் அதைக் கூர்மையாக்குவதும் நம் தலையாய பணி. அதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பெயரைக் கேட்டபின் 'வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது' என்று சொல்லும் உரிமையாளரையும், நேர்காணலில் ஊரைக் கேட்டபின் விண்ணப்பத்தை ஓரம் வைக்கும் தனியார் நிறுவனத்தையும் விசாரித்து ஈடு பெற்றுத் தரும் விரிவான குடிமைச் சட்டம் நாடு தழுவிய அளவில் நம்மிடம் இல்லை. அத்தகைய மசோதா ஒன்றை 2017-இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாகச் சசி தரூர் அறிமுகம் செய்தார், அது சட்டமாகவில்லை.

சென்னை, பெங்களூரு, மும்பை ஆகியவையும் பன்முகத்தன்மையைப் பெருமையாகப் பேசும் நகரங்களே. வாடகை வீட்டு விளம்பரத்தில் 'சைவம் மட்டும்' என்று எழுதும்போது யார் விலக்கப்படுகிறார் என்பது அங்கே அனைவரும் அறிந்ததே. அதை எழுத்தில் பெற்று விசாரிக்கும் ஓர் அலுவலகம் வேண்டும் என்ற கோரிக்கையை மாநகராட்சித் தேர்தல்களில் நாம் எழுப்பலாம்.

மாணவர்கள் தம் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவம் குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வெளியிட்ட விதிமுறைகள், சம வாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் அமைக்குமாறு கூறின. அதன் பின்னரும் 2016-இல் ரோகித் வேமுலாவையும் 2019-இல் பாயல் தட்வியையும் நாம் இழந்தோம். அவ்விருவரின் தாய்மார்கள் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், அவரிடம் எப்படி முறையிடுவது, முறையிட்ட மாணவரின் ஆய்வு உதவித்தொகையும் மதிப்பெண்ணும் எவ்வாறு காக்கப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் பதிவு செய்யுங்கள்.

சியாட்டில் ஒரு சொல்லைச் சட்டத்தில் ஏற்றியது. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் தன் துயரத்துக்குப் பெயரில்லை என்று இதுவரை எண்ணியிருந்த ஒருவர், இனி முறையீட்டுப் படிவத்தில் அதன் பெயரை எழுதலாம். எழுதிய பிறகு அவர் அச்சமின்றி மறுநாள் வேலைக்குச் செல்லும் நிலையை உருவாக்குவதே மீதமிருக்கும் பணி. அப்பணி சியாட்டிலுக்கு மட்டும் உரியதன்று.